மலிவு மைக்கின் உறுமல்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இந்த மைக்கைத் திருப்பி அனுப்பிவிடுவதென்று முடிவுசெய்து இரண்டு முறை பெட்டியில் வைத்து ஒட்டினேன். இரண்டு முறையும் மறுநாளே பிரித்தேன். முதல் முறை பிரித்ததற்குக் காரணம், உறுமலின் பெரும்பகுதி மைக்கிலிருந்து வரவில்லை, அதனுடன் வந்த கேபிளிலிருந்தும் என் லேப்டாப் சார்ஜரிலிருந்தும் வருகிறது என்று தெரிந்துகொண்டதுதான். இரண்டாம் முறைக்கான காரணம் சற்று வேடிக்கையானது: மிச்சமிருந்த உறுமலுக்கு மைக்கின் மேல் பூசியிருந்த கறுப்புப் பெயின்ட்டே பொறுப்பாக இருந்தது, அதைப் பிளேடால் சுரண்டியதும் சத்தம் அடங்கிவிட்டது. ஆகையால் இந்த மதிப்பீட்டில் ஒலித்தரத்தைப் பற்றிச் சில வரிகளே இருக்கும். மீதியெல்லாம் இந்த வகை மைக்கை வாங்குபவர் முதல் நாளிலேயே சந்திக்கும் இரைச்சலைப் பற்றியதாகவே இருக்கும்.

தயாரிப்பின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே உலோகக் கூடும் இதே சிறிய சுற்றுப் பலகையும் எத்தனையோ பெயர்களில் விற்கப்படுகின்றன. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். தங்க நிற வளையம் போட்ட, தடித்த குழல் வடிவ மைக். அதைத் தொங்கவிடும் எலாஸ்டிக் தாங்கி. மேசை விளிம்பில் இறுக்கும் மடக்குக் கை. ஒரு பஞ்சுக் குல்லாய். ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் (தொழில்முறை ஒலிக்கருவிகளில் உள்ள, மூன்று முனைகள் கொண்ட வட்ட இணைப்பு), மறுமுனையில் ஹெட்ஃபோனில் இருப்பதுபோன்ற 3.5 மி.மீ. பின் உள்ள கேபிள் என்று ஒரு பெட்டிக்குள் எல்லாம் வரும் தொகுப்பைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது புரியும். வீட்டில் ஒரு சிறிய அறையில், நூல்களை வாசித்துப் பதிவுசெய்வதற்காக எட்டு மாதங்களாக இதைப் பயன்படுத்திவருகிறேன். பாடலுக்கோ இசைக்கருவிக்கோ பயன்படுத்தியதில்லை.

பெட்டியின் மேல் கண்டென்சர் மைக் (மின்னூட்டம் ஏற்றிய ஒரு மெல்லிய சவ்வு ஒலிபட்டு அதிர்வதைச் சைகையாக்கும் வகை) என்று மட்டும் எழுதியிருந்தாலும், இது அதன் ஒரு பிரிவான எலக்ட்ரெட் வகையைச் சேர்ந்தது. சவ்வுக்குத் தேவையான மின்னூட்டத்தை வெளியிலிருந்து கொடுக்காமல், நிரந்தரமாக மின்னூட்டம் ஏற்றப்பட்ட ஒரு படலத்தையே பயன்படுத்தும் இந்த முறையை 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கினார்கள். எலக்ட்ரெட் என்பதாலேயே ஒரு மைக் தரக்குறைவானது ஆகிவிடாது. சவ்விலிருந்து வரும் சைகை மிக நுண்ணியது, மின்தடையோ மிக அதிகமானது. அதைக் கேபிளில் அனுப்பத்தக்க நிலைக்குக் கொண்டுவர உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும், அதற்கு மின்சாரமும் வேண்டும். தொழில்முறைக் கருவிகளில் இந்த மின்சாரம் 48 வோல்ட் ஃபேன்டம் பவராகக் கேபிள் வழியே வருகிறது. 1966இல் நாய்மன் நிறுவனத்தின் கேஎம் 84 மைக்கில் தொடங்கி நிலைபெற்ற ஏற்பாடு அது. கணினியின் 3.5 மி.மீ. துளையிலும் ஒரு மின்னழுத்தம் வருகிறது, ஆனால் அது வெறும் சில வோல்ட். இந்த மைக்கின் சுற்று எளிமையானது என்பதால் அந்தச் சில வோல்ட்டிலும் எப்படியோ உயிர்பெற்றுவிடுகிறது. அந்த எப்படியோவில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தொகுப்பில் வந்த கேபிளால் மைக்கை இணைத்து, ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல் கனமான உறுமல் கேட்டது. பேசிப் பார்த்தால் என் குரல் அந்த உறுமலுக்கு அடியில் கிடந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் மைக்கின் வெளியீடு சிறிதாகிவிடுவதால், விண்டோஸ் அமைப்பில் உள்ள மைக்ரோஃபோன் பூஸ்ட்டை 20 டெசிபல், பிறகு 30 டெசிபல் என்று ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியபோது குரலுடன் உறுமலும் அதே அளவுக்கு ஏறியது. இவ்வளவுக்கும் மைக்கை இணைப்பதற்கே ஓர் அடாப்டர் தேவைப்பட்டது. லேப்டாப்பில் ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் நான்கு தொடுபகுதிகள் கொண்ட ஒரே துளை இருக்கிறது. இந்தக் கேபிளின் பின்னிலோ மூன்றே தொடுபகுதிகள். நேரடியாகச் செருகினால் லேப்டாப்பின் மைக் தொடுபகுதி எர்த்துடன் ஒட்டிக்கொண்டு எதுவுமே கேட்காது. பெட்டியிலிருந்த துண்டுக் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரைச்சலை ஒட்டுமொத்தமாக இரைச்சல் என்று அழைப்பதை விட்டுவிட்டு, அது எந்த வகை என்று காதால் பிரிக்கத் தொடங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற ஒரே சுருதி உறுமல் ஒன்று. வண்டு பறப்பதுபோல் கூர்மையான ரீங்காரம் ஒன்று. மேலே மெல்லிய ஊசிபோன்ற கீச்சொலி ஒன்று. மழை தூறுவதுபோன்ற சீறல் ஒன்று. இந்த நான்கும் நான்கு இடங்களிலிருந்து வருகின்றன, நான்குக்கும் மருந்து வேறு. காதை நம்பாதவர்கள் அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பத்து விநாடி மௌனத்தைப் பதிவுசெய்து, அதன் அலைவெண் வரைபடத்தைப் பார்க்கலாம். என்னுடையதில் சீப்பின் பற்கள்போல் 50, 100, 150, 200 ஹெர்ட்ஸில் சம இடைவெளியில் முட்கள் நின்றன. வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் இதே பற்கள் 60, 120, 180 என்று நிற்கும். 50 (அல்லது 60) மட்டும் ஓங்கியிருந்தால் அருகிலுள்ள மின்கம்பியிலிருந்தோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ ஏதோ தாவுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டாம் பல் மட்டும் தனியே உயர்ந்திருந்தால் ஏதாவதொரு மின்வழங்கியின் வடிகட்டும் மின்தேக்கி சோர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்கள் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை அடர்த்தியாகப் போனால் விளக்கின் டிம்மரையோ மலிவான எல்இடி விளக்கையோ சந்தேகிக்க வேண்டும். இவை கைவிதிகள்தாம், தீர்ப்புகள் அல்ல.

முதல் குற்றவாளி சார்ஜர். லேப்டாப்பிலிருந்து அதைப் பிடுங்கிய மறுகணமே உறுமல் பாதிக்குமேல் குறைந்தது. திரும்பச் செருகிவிட்டு லேப்டாப்பின் உலோக விளிம்பை விரலால் தொட்டேன், அப்போதும் குறைந்தது. இதற்கான விளக்கம் எளிது. இரண்டு முள் கொண்ட சார்ஜர்களுக்கு எர்த் இணைப்பு கிடையாது. அவற்றின் உள்ளே மின்சாரப் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே, ரேடியோ இரைச்சலைக் குறைப்பதற்காக ஒரு சிறிய மின்தேக்கி வைக்கப்பட்டிருக்கும், அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்து, முழு லேப்டாப்பையும் எர்த்திலிருந்து விலகி மிதக்கவிடுகிறது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைப் புறங்கையால் தடவும்போது தோன்றும் அந்த மெல்லிய சுரசுரப்பு இதுதான். நாம் தொடும்போது நம் உடலே ஓர் அரைகுறை எர்த் ஆகிவிடுகிறது, உறுமல் குறைகிறது. மூன்று முள் கொண்ட, எர்த் உள்ள சார்ஜர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பதிவின்போது பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம். நான் இன்றுவரை பேட்டரியில்தான் பதிவுசெய்கிறேன்.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. மேசை ஸ்பீக்கர்களையும் இணைத்திருந்த நாள்களில், எர்த் இல்லாததால் அல்ல, எர்த் இரண்டு வழிகளில் வந்ததால் உறுமல் கேட்டது. ஸ்பீக்கருக்கு ஒரு எர்த், கணினிக்கு ஒரு எர்த், இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிளின் உறை என்று ஒரு வளையம் உருவாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டமே உறுமலாகக் கேட்டது. எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகி, ஸ்பீக்கருக்கு, வழியில் ஏறும் உறுமலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு கேபிள் மாற்றியதும் அது போயிற்று. இந்த இடத்தில் பலரும் சொல்லும் ஒரு யோசனை, எர்த் முள்ளை வெட்டிவிடு அல்லது டேப் ஒட்டிவிடு என்பது. உறுமல் நிற்கும், உண்மைதான். கருவிக்குள் எங்காவது காப்பு உரிந்து உலோகக் கூட்டில் மின்சாரம் ஏறிய நாளில், அந்தக் கூட்டைத் தொடுபவரின் உயிரும் நின்றுபோகலாம். அதைச் செய்யக் கூடாது.

சார்ஜரை ஒதுக்கிய பிறகும் மிஞ்சிய உறுமலுக்குக் கேபிள் காரணம். அதைத் தூக்கி எறிவதற்கு முன் நடுவில் வெட்டிப் பார்த்தேன். பின்னல் வலை என்று சொல்லத்தக்க எதுவும் உள்ளே இல்லை. முடியைவிடச் சற்றே தடித்த செம்பு இழைகள் ஏழெட்டு, ஒரே பக்கமாகத் தளர்வாகச் சுற்றியிருந்தன, கேபிளை வளைத்தால் அவை விலகி உள்கம்பி தெரிந்தது. எக்ஸ்எல்ஆர் தலையைக் கழற்றியபோது, 1ஆம் முனையையும் 3ஆம் முனையையும் ஒரே சாலிடர் உருண்டையால் சேர்த்திருந்ததைக் கண்டேன். 3.5 மி.மீ. பின்னுக்கு மாற்ற வேறு வழியில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உருண்டையோடு எக்ஸ்எல்ஆர் இணைப்பின் முழுப் பயனும் போய்விடுகிறது. 2ஆம் முனையிலும் 3ஆம் முனையிலும் சைகை எதிரெதிராகப் போய், வழியில் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும் உறுமல் மறுமுனையில் கழிக்கப்பட்டுவிடுவதுதான் பேலன்ஸ்டு முறையின் உயிர். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போவதற்கும் இதுவே காரணம்: 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைச் செம்பு உறை தடுக்காது, முறுக்கலும் கழித்தலும்தான் தடுக்கின்றன.

ஆகையால் ஓர் எளிய ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்குக்கு 48 வோல்ட் கொடுத்து, அதன் சைகையைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) முறையான எக்ஸ்எல்ஆர் கேபிளும் வாங்கினேன். மைக்கைவிட இவை இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு அதிகம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தொகுப்பில் எல்லாம் இருக்கிறது என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவருக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் 48 வோல்ட் கிடைத்ததும் இந்த மைக் வேறொரு மைக்காக மாறிவிட்டது. வெளியீடு உயர்ந்தது, குரலில் இருந்த மூக்கடைப்பு நீங்கியது, கணினியில் பூஸ்ட் தேவைப்படவில்லை. மௌனத்தின் இரைச்சல் அளவு, பழைய கேபிளில் ஏறத்தாழ கழித்தல் 40 டெசிபலில் நின்றது, இப்போது கழித்தல் 54க்கு இறங்கியது (பதிவின் உச்ச அளவைப் பூஜ்யமாக வைத்துக் கீழ்நோக்கி எண்ணும் கணக்கு இது). அப்படியும் வரைபடத்தில் 50 ஹெர்ட்ஸ் முள் சிறிதாக நின்றுகொண்டே இருந்தது. மேசை விளக்கின் கம்பியை மைக்குக்கு அருகே கொண்டுவந்தால் அது வளர்ந்தது. இரண்டாம் முறை பெட்டியை எடுத்து ஒட்டியது அன்றுதான்.

மறுநாள் பெட்டியைப் பிரித்தது ஓர் ஐயத்தால். முந்தைய இரவு மைக்கைக் கழற்றும்போது, அதன் உடலைப் பிடித்த கணத்தில் ஹெட்ஃபோனில் உறுமல் கூடியதாக நினைவு. லேப்டாப்பைத் தொட்டபோது குறைந்த உறுமல், மைக்கைத் தொட்டபோது கூடியது ஏன்? மைக்கின் உலோகக் கூடு வெறும் அலங்காரம் அல்ல. உள்ளே இருக்கும் அந்த மிக நுண்ணிய சுற்றைச் சுற்றி நிற்கும் காவல் அது, அந்தக் காவல் எர்த்துடன், அதாவது எக்ஸ்எல்ஆரின் 1ஆம் முனையுடன் இணைந்திருக்க வேண்டும். இணையாமல் மிதந்தால், அறையில் உள்ள மின்கம்பிகளின் மின்புலத்தைத் தானே வாங்கிச் சவ்வுக்குக் கொடுக்கும். நாம் தொட்டால் நம் உடல் ஏந்தியிருக்கும் உறுமலையும் சேர்த்துக் கொடுக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை 1ஆம் பின்னிலும் மறுமுனையைக் கூட்டிலும் வைத்தேன். பீப் ஒலி வரவில்லை, அதாவது இரண்டும் இணைந்திருக்கவில்லை. கூட்டுக்கும் மேலேயுள்ள வலைத்தலைக்கும் இடையே வைத்தேன். அங்கும் வரவில்லை.

ஃபேன்டம் பவரை அணைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, கேபிளைக் கழற்றிவிட்டு மைக்கைத் திறந்தேன். அடியிலுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால் குழல் உருவிக்கொண்டு வரும். உள்ளே இரண்டு தண்டுகளுக்கிடையே சுற்றுப் பலகை நிற்கிறது, நெஞ்சு உயரத்தில் சவ்வுப் பொத்தான். குழலின் உள்மரையிலும், வளையத்தின் மரையிலும், வலைத்தலை அமரும் விளிம்பிலும் ஒரே சீராகக் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தது. கண்ணுக்கு அழகான வேலை. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை மட்டும் யாரும் நினைத்துப்பார்க்கவில்லை. மரையின் இரண்டு மூன்று சுற்றுகளையும் வலைத்தலையின் திருகுத் துளைகளைச் சுற்றியும் பிளேடால் பித்தளை மின்னும்வரை சுரண்டி, தூளைச் சவ்வின் பக்கம் விழவிடாமல் மைக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிவிட்டு, திருகுகளுக்கு அடியில் பல் வைத்த வாஷர் ஒவ்வொன்று போட்டு இறுக்கினேன். மல்டிமீட்டர் இரண்டு இடங்களிலும் பீப் என்றது. 50 ஹெர்ட்ஸ் முள் சீறலுக்குள் கரைந்து, தேடினாலும் அகப்படவில்லை. மேசை விளக்கின் கம்பியை மைக்கின் மேல் போட்டும் பார்த்துவிட்டேன். வேலைக்கு இருபது நிமிடம் ஆயிற்று. தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும்போது ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் இருபது நிமிடமும் மிச்சம்.

இதைச் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். போகட்டும் என்று நான் துணிந்ததற்குக் காரணம், அந்த உத்தரவாதத்தை ஒருமுறை சோதித்துப் பார்த்திருந்ததுதான். உறுமலை விவரித்து, பத்து விநாடிப் பதிவையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதியபோது, டிரைவரைப் புதுப்பிக்கும்படி பதில் வந்தது. டிரைவரே தேவைப்படாத ஒரு மைக்குக்கு அந்தப் பதில். திரும்ப எழுதினேன், அதே பதில், அதே எழுத்துப்பிழையுடன்.

கைபேசியைப் பற்றி ஒரு வரி: பழைய ஜிஎஸ்எம் முறையில் இணையும்போது அது நொடிக்கு 217 முறை துண்டு துண்டாக ஒலிபரப்புவதால் டட்-டட்-டட் என்ற ஓசை மைக்கில் ஏறும், பதிவின்போது கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். கேபிளில் மாட்டும் ஃபெரைட் உருளைகள் இந்த வகை ரேடியோ ஓசைக்குத்தான் உதவும். 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அவற்றை மாலையாகக் கோத்து மாட்டினாலும் பயனில்லை.

இதே மைக் யூஎஸ்பி வடிவிலும் விற்கப்படுகிறது. தெரிந்தவர் ஒருவர் அதை வைத்திருந்ததால் ஒரு வாரம் வாங்கிப் பார்த்தேன். அதில் உறுமல் இல்லை, ஆனால் மௌனத்தின் அடியில் மெல்லிய கீச்சொலி கேட்டது. வரைபடத்தில் அது மிகத் துல்லியமாக 1000 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நின்றது. யூஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடு முறையில் கணினி ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் ஒரு சட்டகம் அனுப்புகிறது, நொடிக்கு ஆயிரம். அந்தத் துடிப்பில் 5 வோல்ட் மின்சாரமும் லேசாக நடுங்குகிறது, உள்ளே வடிகட்டல் போதாத மைக்கில் அந்த நடுக்கமே காதுக்கு வருகிறது. லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றியபோது சற்றுக் குறைந்தது, தனி மின்சாரம் உள்ள ஹப் வழியே இணைத்தபோது இன்னும் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. உறுமலை வெளியிலிருந்து சரிசெய்யலாம். இந்தக் கீச்சொலி மைக்கின் வயிற்றுக்குள் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் எக்ஸ்எல்ஆர் வடிவையே வாங்குங்கள் என்பேன்.

எல்லாம் போன பிறகு எஞ்சியது சீறல். அதற்கு மருந்து இல்லை. ஒவ்வொரு மைக்குக்கும், எந்த ஒலியும் இல்லாதபோதும் அதன் சுற்றே உண்டாக்கும் தன்னிரைச்சல் உண்டு; நல்ல பெரிய சவ்வு மைக்குகளில் அது 10 டெசிபலுக்கும் கீழே இருக்கும். இந்தப் பெட்டியின் மேல் தன்னிரைச்சல் குறிப்பிடப்படவில்லை, சைகைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 78 டெசிபல் என்று மட்டும் இருக்கிறது. அந்த விகிதத்தை அளக்கும்போது வழக்கமாக வைக்கும் ஒலியளவு 94 டெசிபல் என்பதால், அந்த எண்ணை 94இலிருந்து கழித்தால் தன்னிரைச்சல் வரும். அந்தக் கணக்குப்படி 16. இன்டர்ஃபேஸில் ஒரே கெயினில் (பெருக்க அளவில்), ஒரே தூரத்தில், 16 என்று நம்பகமாக அளக்கப்பட்ட மற்றொரு மைக்கின் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது இதன் சீறல் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. பெட்டியின் எண்ணை நான் நம்பவில்லை.

ஆனால் சீறலோடு வாழலாம், வாயும் மைக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்து. தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது, சீறல் அங்கேயே நிற்கிறது. 40 செ.மீ. தள்ளி உட்கார்ந்து கெயினை ஏற்றிக்கொண்டிருந்த நான் 15 செ.மீ.க்கு வந்ததும், எந்த வடிகட்டியும் தராத முன்னேற்றம் கிடைத்தது. அந்த நெருக்கத்தில் அடிக்குரல் கனக்கும், ப ஓசைகள் வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரமாகச் சாய்த்து வைத்தால் வெடிப்பு அடங்கும். முதுகுப்பக்கம் இந்த மைக்குக்குக் காது மந்தம் என்பதால், மின்விசிறியும் லேப்டாப்பும் அந்தப் பக்கம் வருமாறு மேசையைத் திருப்பிக்கொள்வதும் பயன்தரும். ஒலிநூல்களை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம் மௌனத்தின் இரைச்சல் கழித்தல் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதித்திருக்கிறது. சரிசெய்த கேபிள், சுரண்டிய பெயின்ட், குறைத்த தூரம், அதற்கேற்பத் தணித்த கெயின் எல்லாம் சேர்ந்து என் பதிவு இப்போது கழித்தல் 62இல் நிற்கிறது. மயிரிழையில் தேர்ச்சி.

அந்த மயிரிழையை மென்பொருளால் அகலமாக்கலாம் என்று தோன்றும். அளவாகச் செய்தால் சரி. மௌனத்தை மாதிரியாகக் கொடுத்து 6 டெசிபல் குறைத்தால் யாருக்கும் தெரியாது. 20 குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிடும், சொற்களின் முடிவில் உலோகக் கிணுகிணுப்பு கேட்கும். உறுமல் இருக்கும்போதே அதை மென்பொருளால் அகற்ற முயல்வது இன்னும் மோசம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி, சீப்பின் முதல் பல்லை மட்டும்தான் எடுக்கும். 100, 150, 200 என்ற மற்றப் பற்கள் நிற்பது மனிதக் குரலின் அடிச்சுருதி நடமாடும் இடத்தில். அவற்றைப் பிடுங்கினால் குரலின் சதையும் சேர்ந்து வரும். கேபிளிலும் பெயின்ட்டிலும் செலவிட்ட நேரத்தை நான் மென்பொருளில் செலவிட்டிருந்தால் இன்றும் அதே இடத்தில்தான் இருந்திருப்பேன்.

மற்றத் துணைப்பொருள்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எலாஸ்டிக் தாங்கி வேலை செய்கிறது. மேசையில் கோப்பை வைக்கும் சத்தம் வருவதில்லை. மடக்குக் கையின் ஸ்பிரிங்குகள் தட்டினால் வீணைத் தந்திபோல் ஒலிக்கின்றன, உள்ளே பஞ்சு திணித்து அடக்கினேன். குல்லாய் பரவாயில்லை. ஈரம் மிகுந்த நாள்களில் மைக்கில் பட்பட்டென்ற பொரிச்சல் வருவதுண்டு. சவ்வை அடுத்த சுற்றில் மின்தடை மிக அதிகமாக இருப்பதால், சிறு ஈரப்படலம் கூட அங்கே கசிவை உண்டாக்கிவிடுகிறது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் இரவு முழுவதும் வைத்தால் மறுநாள் சரியாகிவிடுகிறது.

ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தயங்காதவர், ஏற்கெனவே ஓர் இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர், நெருங்கி உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்பவர் ஆகியோருக்கு இந்த மைக்கைப் பரிந்துரைப்பேன்; கேபிளை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். தொகுப்பை அப்படியே லேப்டாப்பில் செருகி அன்றே பதிவைத் தொடங்க நினைப்பவர் வாங்கக் கூடாது. மெல்லிய குரலில் கதைசொல்பவர், தள்ளி நின்று வாசிக்கும் கருவியைப் பதிவுசெய்பவர் ஆகியோருக்கும் இது ஆகாது, சீறல் அவர்களைத் துரத்தும். வாங்கியவர்கள் முதல் நாளே மல்டிமீட்டரின் ஒரு முனையை 1ஆம் பின்னிலும் மறுமுனையைக் கூட்டிலும் வைத்துப் பாருங்கள். கூட்டின் மேற்பரப்பிலும் பெயின்ட் இருக்கும் என்பதால், முனையைத் தங்க நிற வளையத்திலோ ஒரு திருகின் தலையிலோ வைக்க வேண்டும். பீப் வராவிட்டால், திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிவதற்குள் பிளேடா பார்சலா என்று முடிவுசெய்துகொள்ளலாம்.